கடிகாரத்தின் பாராட்டு

ஜிம்முக்கு வருமுன் கஞ்சா இழுத்து, அதன்மேல் இரண்டு டம்ளர் கடுங்காப்பி குடித்தால் கால் தானாக ஓடும் என்று ரகோத்தமனுக்கு எந்த மேதாவி சொன்னானோ! ட்ரெட்மில்லின் ஓரத்தில் உட்கார்ந்து, அரை மணி நேரமாக ஒரே ஷூவின் லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்கப் பயிற்சியாளர் செபஸ்டினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மாஸ்டர், நூத்தி அறுபத்தெட்டு!” என்று கைக்கடிகாரத்தை நீட்டினான். நாடித்துடிப்பை மட்டும் எண்ணத் தெரிந்த அது, அருமையான ஓட்டம் என்று பாராட்டியிருந்தது.

“மொதல்ல எந்திரிச்சு ஓடுங்க சார். அப்புறம் காட்டுங்க” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் செபஸ்டின்.

ரகோத்தமன் எழவில்லை. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை மறுபடியும் நீட்டினான். பழைய சாதனையை முறியடித்துவிட்டான் என்று கடிகாரம் வாழ்த்திக்கொண்டிருந்தது.