நங்கூரத்தின் ஒன்றுவிட்ட தம்பி

புயலில் ஒரு போர்க்கப்பலையே பிடித்து நிறுத்திய நங்கூரத்துக்கு அந்தத் துறைமுகத்தில் பெரிய பேர். வாசலில் மேடை கட்டி, கறுப்பு பெயின்ட் அடித்து, மாலையும் போட்டிருந்தார்கள். அங்கே அரசாங்கம் என்றால் கலங்கரை விளக்கம்தான்.

ஒருநாள் நங்கூரம் அதனிடம் சொன்னது: "ஐயா, எனக்குன்னு நான் எதுவும் கேட்டதில்ல. ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன் வீட்டுல சும்மா இருக்கான். மீன் பாதுகாப்பு ஆபீசர் வேலை காலியா இருக்காமே?"

"தம்பி பேரு?"

"தூண்டில் முள்ளுங்க. எங்க வம்சத்து வளைவு அப்படியே இருக்கும். மீனுங்களோட நல்ல பழக்கம். கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

புயலில் நின்றவர் கேட்கிறார், எப்படி மறுப்பது? கலங்கரை விளக்கம் வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டது.

ஒரு மாதம் கழித்து அது நங்கூரத்தைக் கூப்பிட்டது.

"உங்க தம்பி கெட்டிக்காரர்தான். இதுவரைக்கும் ஒரு மீன்கூடப் புகார் கொடுக்க வரலையே!"

நங்கூரத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"எப்படிங்க வரும்? அவன்னா மீனுங்க உயிரையே விடுதுங்க."