ஷெரினுக்கு வந்த காய்ச்சல்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று எதிர்வீட்டு ஜெசிந்தா லட்டோடு வந்தாள். அவள் மகள் ஷெரின் எடுத்த மதிப்பெண் முந்நூற்றுப் பத்து. பூங்கோதையின் மகள் ஆதிரை நானூற்று அறுபது. ஆனால் பள்ளி வாசலில் மாலையோடு சிரித்த படம் ஷெரினுடையது. அந்தப் பள்ளியில் மாலையும் இடமும் கணிப்பைத் தாண்டியவர்களுக்குத்தான். ஐந்தாம் வகுப்புப் பரீட்சையை வைத்துப் பள்ளி ஷெரினுக்குக் கணித்திருந்தது இருநூறுதான். ஆதிரைக்குக் கணித்தது நானூற்றுத் தொண்ணூறு. முப்பது குறைந்ததால் அவளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் இடமில்லை.

பூங்கோதைக்கு வயிறு எரிந்தது. லட்டைத் தொடவில்லை.

"அஞ்சாங்கிளாஸ்ல எப்படிடி அவ்வளவு கம்மியா வாங்குனா?"

"அன்னைக்கு அவளுக்கு நல்ல காய்ச்சல்க்கா. பாதிப் பேப்பர் எழுதவே இல்ல. நான் எப்படி அழுதேன் தெரியுமா?"

காய்ச்சல்கூட நேரம் பார்த்து இவள் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது என்று பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சின்ன மகள் மகிழினிக்கு மறுநாள் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை. சாயங்காலத் தூறலில் பூங்கோதை அவளைக் குடையில்லாமல் கடைக்கு அழைத்துப்போனாள்.

"சளி பிடிக்கும்னு திட்டுவியேம்மா?" என்றாள் மகிழினி, இரண்டாவது ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டே.

"பேசாம சாப்பிடு கண்ணு" என்றபடி பூங்கோதை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இன்னும் சில்லென்றுதான் இருந்தது.