புரட்டாசியில் ஒரு தட்டு இறால்

லங்காவியைச் சுற்றிப் பார்த்தவர்கள் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடம் முழுக்க வெயிலும் கரண்டிச் சத்தமுமாக இருக்கிறது. சன்னலோர மேசையில் யோகேஸ்வரி சோறும் கீரையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளும் ஷாமளாவும் அஜீசாவும் சுங்கைப் பட்டாணி கையுறைத் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை பார்த்த தோழிகள். தன் நோய்க்கு மருந்து இனிக் கேட்காது என்று டாக்டர் சொன்ன மறுநாளே ஷாமளாதான் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். புரட்டாசியில் முட்டை சேர்ந்த கேக்கைக்கூடத் தொடாத ஷாமளா, இப்போது தட்டு நிறைய இறாலோடு வந்து உட்காருகிறாள்.

"ஏண்டி, மாசம் முடியட்டுமே. தீபாவளிக்கு நானே இறால் சம்பல் வச்சுத் தரேன் லா," என்கிறாள் யோகேஸ்வரி.

"தீபாவளிக்கு நான் இருக்கணுமே."

"எனக்குப் புரட்டாசி இல்ல. நீங்க சண்ட போடுங்க, நான் தின்னுக்கிறேன்," என்று கை நீட்டிய அஜீசா, ஷாமளா சொன்னது உறைத்ததும் பாதியில் கையை இழுத்துக்கொள்கிறாள்.

மருந்தில் மரத்துப்போன ஷாமளாவின் விரல்களுக்கு இறால் ஓடு பிடிபடாமல் வழுக்குகிறது. யோகேஸ்வரி வாங்கி உரித்துக் கொடுக்கிறாள். ஷாமளா அதை யோகேஸ்வரியின் வாய்க்கருகே நீட்டுகிறாள்.

"வேணாம்டி. பெருமாளுக்கு நேந்திருக்கேன்."

"தெரியும். எனக்காகத்தானே? நான் சொல்றேன், போதும்."

சன்னலுக்கு வெளியே, அவர்கள் ஊர்ப் பக்கத்து ஜெராய் மலை நீலக் கறைபோல் தெரிகிறது. அஜீசா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஷாமளா நீட்டிய கையை எடுக்கவில்லை. யோகேஸ்வரி வாயைத் திறக்கிறாள். இறால் ருசியாகத்தான் இருக்கிறது, விழுங்கத்தான் முடியவில்லை.