சான்சிபாரில் நாற்பது நாள்

"சான்சிபார்ல நாப்பது நாள் இருந்துட்டு வரப்போறேன்," என்றாள் ஜோகா, வெங்காயம் நறுக்கியபடியே.

கணவன் மவுலிதி சிரித்தான். "அந்தத் தீவைச் சுத்திப் பாக்க வர்ற வெள்ளைக்காரிங்களே ஒரு வாரத்துல கிளம்பிடுவாங்க. நீ என்னடி பண்ணுவே?"

"அங்க எங்கம்மா வீட்டுல படுத்துக்கிட்டு கடலைப் பாப்பேன். எண்ணெய் தேச்சு, வெந்நீர் ஊத்தி, மிளகுக் கஞ்சி கையில கொடுப்பாங்க. அடுப்பங்கரைப் பக்கமே போக வேண்டாம்."

"சீமாட்டிதான்! இங்க நாலு பிள்ளைங்களை யாரு பாக்கிறது?"

"நீங்கதான்."

"நல்லாயிருக்கே! உன்னை யாரு விடுவா?"

"நாலு தடவை விட்டீங்களே."

மவுலிதியின் சிரிப்பு நின்றது. அவள் வயிற்றையே பார்த்தான். "மறுபடியுமா?"

ஜோகா அலுப்போடு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"பிள்ளை பெத்தாத்தானேங்க இந்த வீட்டுல எனக்கு லீவு?"