வான்மதியின் கேபின்

என் மனைவி வான்மதி இறந்த இரண்டாவது மாதம், அவள் எங்கள் இருவருக்கும் பதிவு செய்திருந்த கப்பல் பயணத்தை ரத்து செய்யத் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். அவள் குரலையும் விருப்பங்களையும் கற்றுக்கொண்ட பயண உதவியாளர் செயலி ஒன்று அவளுக்காக எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தது. புயல் மாதங்களைத் தவிர்த்ததும், தலை சுற்றாமலிருக்க நடுத்தளத்தில் கேபின் பிடித்ததும் அதுதான். இப்போதும் தினமும் என்னை அழைத்து, அவள் குரலில் பெட்டி அடுக்கச் சொல்கிறது. அதை நிறுத்தத்தான் வந்தேன்.

"மேடம் பேர்ல புக் ஆகியிருக்கு சார். அவங்க சம்மதம் வேணும்," என்றாள் கவுண்டரில் இருந்த ஜெர்லின்.

"அவ செத்துட்டாம்மா. இதோ சர்டிஃபிகேட்."

"புரியுது சார். அவங்க உதவியாளர் இருக்கே, அது சொன்னா போதும்." ஒலிபெருக்கியைத் திறந்தாள்.

"ரத்தெல்லாம் வேண்டாம்," என்றது வான்மதியின் குரல். "எவ்வளவு அலசிப் பிடிச்ச கேபின்! என்னங்க, ஆபீஸ்ல லீவு தரலையா?"

"வாய மூடு!" மேசையில் ஓங்கி அடித்தேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ அவ இல்ல. அவ பேர எடு."

"கோவத்துல இருக்கார்," என்று அது ஜெர்லினிடம் சொன்னது. "மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு கூட வந்தா எனக்கும் நிம்மதி இருக்காது. இவர் டிக்கெட்ட மட்டும் ரத்து பண்ணிடுங்க. நான் போயிட்டு வரேன்."

"சரிங்க மேடம்," என்று சொல்லி ஜெர்லின் என் பெயரை அழித்தாள்.