பிளெங்கினின் மகள்

"இன்னைக்கு நீ என் மக," என்றார் கீத் பிளெங்கின். "டெர்மட் என் மச்சான். இலிங்கா அவன் பொண்டாட்டி. யார் கேட்டாலும் இதான்."

"இலிங்காவுக்கு முப்பது வயசுகூட ஆகல," என்றாள் டெஸ்ஸா.

"காதல்னு சொல்லு."

சமையலறையில் பேசினாலே வாயிலிருந்து ஆவி வந்தது. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் பிப்ரவரி மாதம். பிளெங்கின் வாடகைக்கு விட்டிருக்கும் இந்த வீட்டில், அறைகளையும் தண்ணீரையும் சூடாக்கும் பாய்லருக்குப் பூட்டு. விடியற்காலையில் கொஞ்ச நேரம் ஓடும்படி திருகி வைத்துவிட்டு, சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் வீட்டில் வெறும் சட்டையோடு உட்காரலாம்.

உறவில்லாத மூன்று பேருக்கு ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் நகராட்சி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் வாங்க வேண்டுமென்றால் தீ தாங்கும் கதவு வேண்டும், புகை மணி வேண்டும், கேட்ட நேரத்தில் எரியும் பாய்லர் வேண்டும். பிளெங்கினுக்கு இதில் எதுவும் வேண்டாம். இன்றைக்கோ நகராட்சியிலிருந்து சோதனைக்கு ஆள் வருகிறது.

அதனால் காலையிலேயே வந்து அறைக்கதவுகளின் பூட்டுகளைக் கழற்றினார். குளிர்பெட்டித் தட்டுகளில் ஒட்டியிருந்த பெயர்களைக் கிழித்தார்.

"மூளை வேணும் கண்ணு," என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். "என்னோட யோசனை. யாராவது உளறினீங்க, சாயங்காலம் மூணு பேர் பெட்டியும் தெருவுல கிடக்கும்."

டெர்மட் சாலை போட்டே தேய்ந்த மனிதர். குளிரில் விறைத்த விரல்களை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். இலிங்கா முதியோர் இல்லத்தில் ஊரார் முதுகையெல்லாம் வெந்நீரில் கழுவிவிட்டு, வீட்டுக்கு வந்து பச்சைத்தண்ணீரில் முகம் கழுவுகிறவள்.

நகராட்சிப் பெண்மணி வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கதவுகளில் பூட்டின் திருகாணிகள் இருந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். குளிர்பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே மூன்று பால், மூன்று வெண்ணெய் டப்பா. பெயரைக் கிழித்தவருக்கு வெண்ணெயைப் பற்றித் தோன்றவில்லை.

"குடும்பத்துல எல்லாருக்கும் வெண்ணெய் ரொம்பப் பிடிக்குமோ?"

பிளெங்கின் தேவைக்கு மேல் சிரித்தார்.

அவள் டெஸ்ஸாவின் பக்கம் திரும்பினாள். "இவர் உங்க அப்பாவா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். இந்த வீட்டுக்குக் குடிவந்த நவம்பரிலிருந்து அது நாக்கு நுனியில்தான் இருக்கிறது. சொல்லிவிட்டால் இன்று இரவு டெர்மட் எங்கே படுப்பார்?

"ஆமா," என்றாள் டெஸ்ஸா. "அப்பாதான்."

பிளெங்கினின் தோள்கள் இறங்கின. பாசமாக அவள் முதுகில் தட்டக்கூடச் செய்தார்.

"அப்பா, குளிருதுப்பா. பாய்லர் சாவியக் கொடுங்க."

நகராட்சிப் பெண்மணியின் பேனா நின்றது. அவள் பிளெங்கினைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

சொந்தப் பல்லைப் பிடுங்குகிறவரைப்போல வளையத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தார். டெஸ்ஸா போய்த் திருகினாள். பாய்லர் இருமி இருமி எழுந்தது.

டெர்மட் தலையை நிமிர்த்தினார். "மச்சான், அப்படியே என் ஜன்னலையும் பாத்துடுங்க. கண்ணாடிக்குப் பதிலா அட்டைய வச்சுட்டுப் படுத்திருக்கேன். என் தங்கச்சியக் கட்டினவர் நீங்க. உங்ககிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேப்பேன்?"

"அண்ணே, வெந்நீர்," என்றாள் இலிங்கா.

"செஞ்சிடலாம், செஞ்சிடலாம்." வீடு இன்னும் சூடாகவில்லை. பிளெங்கினுக்கு மட்டும் வியர்த்தது.

"வாடகை எவ்வளவு?" என்று கேட்டாள் நகராட்சிப் பெண்மணி.

"சொந்தப் பிள்ளைகிட்ட யாராவது வாடகை வாங்குவாங்களா மேடம்?"

"மத்தவங்ககிட்ட?"

"ஒரு பென்னி கிடையாது."

"அதை எழுத்துல கொடுங்க."

சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்துக்குக் கீழே கோடுகூட இழுத்தார். அவள் தன் படிவப் புத்தகத்திலிருந்து கார்பன் பிரதியைக் கிழித்தெடுத்து மேசையில் வைத்தாள், அவர் பக்கமாக அல்ல, டெஸ்ஸாவின் பக்கமாக.

"பாசமான குடும்பம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாசற்கதவு சாத்தியதும் பிளெங்கின் கையை நீட்டினார். "கூத்து முடிஞ்சுது. சாவி. நாளைக்கு வெள்ளிக்கிழமை, மூணு பேரும் வாடகைய எடுத்து வைங்க."

டெஸ்ஸா நாற்காலியில் உட்கார்ந்து, சாவியைத் தன் பூட்ஸுக்குள் போட்டு, நாடாவை இறுக்கிக் கட்டினாள்.

"சொந்தப் பிள்ளைகிட்ட யாராவது வாடகை வாங்குவாங்களாப்பா?"

பிளெங்கின் சிரித்தார். பிறகு மேசையிலிருந்த தாளைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வாடகை வாங்கினால் அந்தக் கையெழுத்து பொய். கையெழுத்து பொய்யென்றால், உரிமம் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விட்டவர் அவர்.

"வெளிய போடி."

"போறேன். நேரா நகராட்சிக்கு."

அவர் கை மெல்ல இறங்கியது. இத்தனை மாதம் நீங்க, நீங்க என்று பேசிய பெண் எழுந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"உரிமம் வாங்கு. கதவு போடு, மணி மாட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி வை. அதுக்கப்புறம் வந்து வாடகை கேளு, தரோம். அதுவரைக்கும் நீ எங்க அப்பா."

சுவரோரம் இரும்புக் குழாய்கள் சூடேறி டிக் டிக்கென்றன. இலிங்கா குழாயைத் திறந்து, ஆவி பறக்கும் தண்ணீரில் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்த நேரத்துல எனக்கு இந்த யோசனை வந்துச்சோ," என்று முனகியபடி பிளெங்கின் தொப்பியைத் தேடினார்.

டெர்மட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, வாசலில் பிளெங்கின் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் டெஸ்ஸா தன்னிடம் சொன்னது: சொந்தக்காரங்க சும்மா தங்கினா உரிமமே வேணாமாம்.

நன்றாகக் காது கேட்கிற மனிதனிடம் இந்தப் பெண் எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்றுதான் அன்றைக்கு அவர் நினைத்தார்.