இல்லை சார்

“அந்த ரூமை மட்டும் விட்டுடுங்க சார். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

மாடிப்படியை மறித்து நின்றுகொண்டு விடுதிக்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மூலை அறைக் கதவு திறந்தால் எல்லாம் முடிந்தது.

வந்திருந்தவர் பேய்களை ஆராய்கிறவர். எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும் எலி, குழாய், காற்று என்று எதையாவது கண்டுபிடித்து, ‘பேயெல்லாம் இல்லை’ என்று சொல்லிவிட்டு வருவார். அதனால் ‘இல்லை சார்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

மூலை அறையில் அழுகைச் சத்தம் கேட்கிறது என்று தங்க வந்தவர்கள் சிலர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தார்கள். “அது அந்தக் காலத்துப் பேய்” என்று விடுதிக்காரம்மாவே அவர்களிடம் சொல்லியிருந்தாள். சேதி கேட்டு இவரை அழைத்து வந்தவர் அவளுடைய மாப்பிள்ளை.

“குதிரை வண்டிக் காலத்து விடுதி அத்தை. பேர் கெட்டுப்போனா ஈ காக்கா எட்டிப் பாக்காது. சார் இல்லைன்னு சொல்லிட்டா, நானே வந்து அந்த ரூமைச் சுத்தம் பண்ணித் தர்றேன்” என்று தேனொழுகப் பேசினார் மாப்பிள்ளை. ஆனால் படியில் கால் வைக்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. “நீங்க பாத்துட்டு வாங்க சார். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இதெல்லாம் ஒத்துக்காது.”

இல்லை சார் படியேறினார். வேறு வழியில்லாமல் விடுதிக்காரம்மாவும் பின்னாலேயே ஓடினாள்.

மாடியில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு முக்காலி, அதன்மேல் மடித்த வெள்ளைத் துண்டு, சின்ன சோப்பு. மூலை அறையில் பெரிய பூட்டு தொங்கியது. அதன் வாசலிலும் துண்டு இருந்தது.

“பூட்டின ரூமுக்கு எதுக்கும்மா துண்டு?”

விடிந்ததும் வாசலுக்கு வாசல் துண்டு வைத்துப் பழகிய கை, இங்கேயும் வைத்துத் தொலைத்திருக்கிறது.

“பழக்க தோஷம் சார்.”

“சாவியக் குடுங்கம்மா. இல்லேன்னா உங்க மாப்பிள்ளை ஆள் வெச்சுப் பூட்டை உடைப்பார்.”

“என் வயித்துல அடிச்சுடாதீங்க சார்” என்று அழுதபடியே இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

கதவு திறந்தது.

கட்டிலில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கிழித்த படுக்கை விரிப்பில் கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

“என்ன சார், ஆச்சா?” என்று கீழேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது.

குரல் கேட்டதுதான் தாமதம், அந்தப் பெண் சத்தமில்லாமல் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து ஒடுங்கிக்கொண்டாள். இல்லை சாருக்கு அதற்குமேல் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

“எம் பொண்ணு சார். இந்தத் தடவை மாட்டினா கொன்னே போட்டுடுவான்” என்று விடுதிக்காரம்மா கிசுகிசுத்தாள். “நாளைக்கு அவ அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான். இன்னிக்கு ஒரு பொழுது மட்டும் தாண்டணும்.”

அவர் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பிறகு திரும்பிப் பார்க்காமல் படிக்கட்டின் மேல்முனைக்கு நடந்தார்.

“சார், இல்லைதானே?” என்றார் மாப்பிள்ளை, முதல் படியில் ஒரு காலை வைத்தபடி.

“இருக்கு தம்பி, மேல வந்துடாதீங்க.”